தம்பிராசா அண்ணையும் தேர் இறங்கிய மலையும்

எதை எழுதுவதானாலும் முதலில் குறிப்பெடுப்பது, முப்பத்து மூன்று வருடம் கணிதம் படிப்பித்த எனக்குப் பழகிப்போன ஒன்று. அமரர் தம்பிராசா அவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக, செய்தி கேட்ட அன்றே எழுதிவைத்த குறிப்பு இது:

1. செய்தி வந்த விதம்.
2. அவரை அறிந்த விதம்.
3. பிரேக் கொன்ட்ரோலரைத் தெரிந்தெடுத்ததும் பூட்டியதும்.
4. அவர் விட்ட ஒரே பிழை: சோதிக்காமல் மலை இறங்கியது.
5. விடை.

நான்காவதை ஓர் அஞ்சலியில் எழுதலாமா என்று தயங்கினேன். குறையே இல்லாதவராகக் காட்டினால் அவரை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள் என்று எண்ணி விட்டுவைத்தேன்.

தை மாதத்து ஞாயிறு காலை, பனி உறைந்த வாசற்படியில் உப்புத் தூவிக்கொண்டிருந்தேன். கோயில் செயலாளர் தொலைபேசியில் நிற்பதாக மனைவி கூப்பிட்டார். "மாஸ்டர், கதிரையிலை இருந்துகொண்டு கேளுங்கோ" என்றார் செயலாளர். நான் இருக்கவில்லை. இருந்தால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது. தேநீர்க் கோப்பையோடு கதிரையில் இருந்தபடியே தம்பிராசா அண்ணை போய்விட்டார். இருதயம். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். இனி யாருடைய வாகனத்தில் ஏறுவேன் என்று நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போ ஒன்றில் மின்வேலை செய்தவர். ரொறன்ரோ வந்த பிறகு, ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ்கள் திருத்துமிடத்தில் அதே வேலையைச் செய்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரே மாடிக்கட்டடத்தில் குடியிருந்தும் ஒரு வருடமாகத் தலையசைப்போடு போனோம். பிறகு ஒருநாள் எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் இடையில் லிஃப்ட் நின்றது. உள்ளே நாங்கள் இருவரும்தான். எனக்கு மூச்சு முட்டியது. அவர் ஆபத்து மணியை ஒருமுறை அழுத்திவிட்டு, நான் என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அப்ப பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ மாஸ்டர். எனக்கு அது ஒருநாளும் வரேல்லை."

பதினேழு பதினேழு இருநூற்று எண்பத்தொன்பது என்று நான் சொன்னபோது கதவு திறந்தது. அன்றிலிருந்து நெடுஞ்சாலையில் போவதென்றால் அவருடைய வாகனத்தில் மட்டுமே ஏறினேன்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு எங்கள் அம்மன் கோயிலில் முதலாவது தேர்த்திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். தேரின் அடித்தட்டையும் நான்கு சில்லுகளையும் ஹமில்ற்றனில் ஒரு தச்சர் செய்தார். அவருடைய பட்டறை, அந்த ஊர்க்காரர் மலை என்று சொல்லும் மேட்டின் உச்சியில் இருந்தது. அவற்றைக் கொண்டுவர, கோயில் சபை ஒரு பழைய ட்ரெயிலர் வாங்கியது. அதன் சில்லுகளில் மின்சார பிரேக் இருந்தது. ஆனால் அதை இயக்குகிற கொன்ட்ரோலர், ட்ரெயிலரை இழுக்கும் கோயில் வான் வண்டியில் இல்லை. வானில்தான் பிரேக் இருக்கிறதே, பிறகு இது எதற்கு என்று செயலாளர் கேட்டார்.

"வான் நிண்டாலும் அம்மாள் நிக்கவேணுமே" என்றார் தம்பிராசா அண்ணை. "பின்னாலை இரண்டு தொன் மரம். அவ முன்னுக்குப் போகப் பாப்பா, நாங்கள் கீழை கிடப்பம்."

சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஓட்ட, துணைக்குப் போகிறவன் நான் என்று ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது.

கொன்ட்ரோலரில் இரண்டு வகை உண்டு என்று கடையில் சொன்னார்கள். ஒன்று, பிரேக்கை மிதித்ததும் முன்பே திருகிவைத்த வேகத்தில் மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும். மற்றதன் உள்ளே ஓர் ஊசல் தொங்கும். வண்டி எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறதோ அவ்வளவுக்கு ஊசல் முன்னே ஆடி, ட்ரெயிலர் பிரேக்கையும் அவ்வளவுக்கே இறுக்கும். இரண்டின் குறைநிறைகளையும் கோடு கீறி எழுதி, மூன்று வாரம் வைத்துப் பார்த்தேன். ஆடுகிற பொருள் என்றால் எனக்குப் பயம், ஆகையால் முதலாவதே நல்லது என்றேன். அவர் அட்டவணையை முழுதாக, மரியாதையோடு வாசித்தார்.

"ஒண்டு நேரத்தைப் பாத்துப் பிடிக்குது, மற்றது பாரத்தைப் பாத்துப் பிடிக்குது" என்றார். "மலையிலை எனக்குப் பாரத்தைப் பாக்கிறதுதான் வேணும் மாஸ்டர்."

ஊசல் வகையையே வாங்கினோம்.

கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில், சித்திரை மாதக் குளிரில், அதைப் பூட்டினார். வானின் முன்தட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து மல்லாந்து கிடந்தார். நான் அதோடு வந்த விளக்கப் புத்தகத்தை வாசித்தபடி டோர்ச் பிடித்தேன். கறுப்பு வயர் ஒரு பாதுகாப்பு பிரேக்கர் வழியாக பற்றரிக்கு. வெள்ளையும் பற்றரிக்கே, அதன் மறுமுனைக்கு. வண்டியின் உடம்பில் எங்கேயாவது திருகிவிட்டால் போதாதா என்று கேட்டேன். துருவேறிக் கறள் பிடித்த தகரத்தை நம்பி மலை இறங்க முடியாது என்றார். சிவப்பு, பிரேக் லைற் சுவிச்சுக்கு. நீலம் மட்டும் நீளமாகப் பின்னால் போய், ட்ரெயிலர் பிளக்கில் முடிந்தது. அந்த நீல வயர்தான் ட்ரெயிலரை நிறுத்துவது.

"லைற் நடுங்குது மாஸ்டர். குளிரோ, பயமோ?"

"இரண்டும்" என்றேன்.

"நல்லது. பயந்த ஆள் ஒராள் வண்டியிலை இருக்கவேணும்."

பெட்டியை நீர்மட்டம் வைத்து நேராக்கினார். அது சரிந்தால் ஊசல் பொய் சொல்லும். பிறகு வெறும் ட்ரெயிலரைக் கொழுவி மெதுவாக ஓட்டியபடி, கொன்ட்ரோலரிலுள்ள சிறு நெம்புகோலைக் கையால் தள்ளினார். ட்ரெயிலர் மட்டும் பிரேக் பிடித்து வானைப் பின்னுக்கு இழுத்தது. பத்துத் தடவை செய்து பார்த்தார்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை ஹமில்ற்றன் போனோம். தச்சரின் ஆட்கள் தேரின் அடித்தட்டை ஏற்றி, சங்கிலி போட்டுக் கட்டினார்கள். ஏற்றுவதற்காகக் கழற்றிவிட்ட ட்ரெயிலரின் பிளக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கோயிலில் ஐயர் தந்த சந்தனமும் குங்குமமும் தேசிக்காயும் என்னிடம் இருந்தன. சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தேன். டயர்கள், சங்கிலி, கொளுக்கி என்று ஒன்றும் விடாமல் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தேன். எங்கள் உயிர் தொங்குவது அந்தப் பிளக்கில்தான் என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே தடவினேன். அப்போது அவர் முன்னால் சங்கிலியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளக்கைக் கொழுவியதும் நானே.

"ஒருக்கா முற்றத்துக்குள்ளை ஓட்டிப் பிரேக்கைப் பாப்பம்" என்றார்.

ராகுகாலம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, வானில் ஏறினார். தேசிக்காய்கள் நசிய வண்டி புறப்பட்டது. நான் நேரத்தைத்தான் சொன்னேன், முடிவு ஓட்டுபவருடையது என்றே இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன்.

இறக்கத்தின் முதல் வளைவில் முதுகில் ஒரு தள்ளல் விழுந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். தள்ளல் கூடியது. கை நெம்பைத் தள்ளினார், ஒன்றும் நடக்கவில்லை. பக்கக் கண்ணாடியில் தேரின் மூலை வெளியே எட்டிப் பார்த்து உள்ளே போனது. கீழே ஊரும் அதற்கப்பால் ஏரியும் தெரிந்தன. இடையில் ஒரு மெல்லிய தகரத் தடுப்பு.

"மாஸ்டர்" என்றார், தேநீர் கேட்பவர் போல. "உங்கடை மடியிலை இருக்கிற புத்தகத்திலை பதினொராம் பக்கத்தை எடுத்துச் சத்தமா வாசியுங்கோ. எனக்கு அது தேவை."

வாசித்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை, எழுத்துகள் குதித்தன. அவர் கியரை இரண்டுக்கும், பிறகு ஒன்றுக்கும் இறக்கினார். எஞ்சின் அலறியது. பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தார். கருகல் மணம் வந்தது. "நிப்பாட்டாதேங்கோ, வாசியுங்கோ" என்றார் இன்னொரு தடவை. பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். சரளைக்கல் போட்ட ஓர் ஒதுக்கில் வண்டி ஏறி நின்றது.

அவர் இறங்கிப் பின்னால் போனார். பிளக்கைக் கழற்றி, எனக்கு முதுகு காட்டிக் குனிந்தபடி, பேனாக்கத்தியால் எதையோ சுரண்டினார். நெடுநேரம் கழித்து வந்து, "கறள்" என்றார். "நான் பாத்திருக்கவேணும்." மறுபடி கொழுவி நெம்பைத் தள்ளியபோது பிரேக் பிடித்தது. மிச்ச இறக்கம் முழுவதும் பிடித்தது.

சபையிலும் அவர் அதையே சொன்னார்: "சோதிக்கேல்லை. பிழை என்ரை." செயலாளர் அதை விடவில்லை. கோயிலில் பல்ப் எரியாவிட்டாலும், "தம்பிராசா அண்ணை, சோதிச்சனீங்களோ?" என்று கேட்பார். அவரும் சிரிப்பார். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

இந்த இடம் வரை எழுதிவிட்டுத்தான் சென்ற வாரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே என் பென்சில் குறிப்புகளோடு அந்தக் கொன்ட்ரோலர்ப் புத்தகம். அதன்மேல் ஒரு பழைய பிளக். தேருக்குப் பிறகு புதியது பூட்டியபோது வெட்டியெடுத்தது என்றார். திருப்பிப் பார்த்தேன். கறள் இல்லை. நீல வயர் முடியும் துளையின் ஓரத்தில், சுரண்டியும் போகாத சந்தனம் மஞ்சள் கல்லாக இறுகியிருந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு புள்ளி.

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவர் அண்டைக்கே எனக்குச் சொன்னவர். ரெண்டு நாளா அவருக்குக் கை நடுங்கினது, கோப்பை பிடிக்கேலாமல். 'மாஸ்டரிட்டை மூச்சு விடாதை. தெரிஞ்சால் மனுசன் பிறகு பஸ்ஸிலையும் ஏறாது' எண்டவர்."

பிளக்கைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். வீடு வரும்வரை பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறியது.

கணக்கில் பிழைத்த வரியை அழிக்கக்கூடாது, கோடு கீறிவிட்டுக் கீழே சரியானதை எழுதவேண்டும் என்று மாணவர்களுக்குச் சொன்னவன் நான். ஆகையால் மேலுள்ள குறிப்பை அப்படியே விடுகிறேன். செயலாளரும் இதை வாசிக்கவேண்டும். போய் வாருங்கள் தம்பிராசா அண்ணை. குறிப்பில் நான்காவது வரி பிழை. அது உங்களுடையது அல்ல, என்னுடையது.