பறித்த ஒலிபெருக்கியும் ஒரு தீர்ப்பும்

சண்டைக் காலத்தில் நான் வந்தாறுமூலைக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியகல்லாற்றில் எங்கள் வாவிக்கரைக்கு ஒரு கிறிஸ்தவப் போதகர் சைக்கிளில் வந்து, "உங்கட சாமி வெறும் கல்லு" என்று ஒலிபெருக்கியில் பிரசங்கம் செய்தார். மீனவர் சங்கத் தலைவரான என் பெரியப்பா அதைப் பறித்து, வலை வைக்கும் வாடிக்குள் பூட்டிவிட்டார். பொலிசார் போதகர், பெரியப்பா இருவர் மேலும் வழக்குப் போட்டார்கள்.

பெரியப்பாவை மறியலில் அடைத்துவிடுவார்களோ என்று வீடே பயந்தது. நான் மட்டும், "அவர் பேசலாம், நீங்க பறிக்கக் கூடாது" என்று சட்டம் பேசினேன்.

"நீ ஆர்ர பக்கம் மனே?" என்றார் பெரியப்பா.

சண்டையில் பாதை பூட்டியதால் வழக்கு இரண்டு தவணை தள்ளிப்போனது. கடைசியில் நீதவானும் நான் சொன்னதையே சொன்னார். போதகர் யாரையும் அடிக்கத் தூண்டவில்லை, ஒரு மதத்தைக் குறை சொன்னது மட்டும் குற்றமாகாது; ஒலிபெருக்கியைப் பறித்ததுதான் பிழை, திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேச்சுக்குப் பேச்சால் மறுமொழி சொல்லுங்கள் என்று பெரியப்பாவை எச்சரித்து விட்டுவிட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு போதகர் பேசி முடித்ததும் பெரியப்பா என் முதுகில் தட்டினார்.

"நீதவான் சொன்னதக் கேட்டநீதானே? அந்தா கரையில கிடக்கிற தோணியில ஏறி நீயே மறுமொழி சொல்லு."

எங்களிடம் ஒலிபெருக்கி ஏது? போதகரே தன்னுடையதை நீட்டினார்.

"பெற்றரி கொஞ்சந்தான் கிடக்கு தம்பி. சுருக்கப் பேசுங்க."

நான் சுருக்கவில்லை. பெற்றரி தீர்ந்த பிறகும் தொண்டையால் பேசினேன். கடைசிவரை இருந்து கேட்டவர் போதகர் மட்டும்தான். பெரியப்பா எப்போதோ வலை பார்க்கப் போய்விட்டார்.