செல்விக்குப் படைத்த சுய்யம்

வெல்லப் பூரணம் எண்ணெயில் பொரிகிற வாசனை வந்தால் இன்றும் எனக்கு முதலில் எச்சில் ஊறும், உடனே அம்மா ஞாபகம் வரும். கடலூர் முதுநகரில் எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை பண்டிகைக்குப் பண்டிகை "சுய்யம்" சுடுவார். சாமிக்குப் படைக்கும் முன்பே எங்கள் பங்கைத் தனியாக எடுத்து மூடிக் கொண்டுவந்து, "படைக்காததுதான் அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்று அம்மாவிடம் நீட்டுவார். அண்ணன் என்றது என் அப்பாவை. அவர் எங்கள் கிறிஸ்தவச் சபையின் மூப்பர். விக்கிரகத்துக்குப் படைத்ததை விசுவாசி தொடக்கூடாது என்பதில் மனிதர் இம்மியும் பிசகமாட்டார். அத்தையின் அந்தப் பெருந்தன்மையை நாங்கள் ஏதோ எங்களுக்குச் சேரவேண்டிய பாத்தியதைபோல வாங்கித் தின்றோம், வேறென்ன சொல்ல!

அத்தையின் ஒரே மகள் செல்வி என்னோடு ஆறாம் வகுப்பு படித்தாள். மஞ்சள் காமாலை முற்றி, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை உயிரோடு திரும்பவில்லை. காரியத்தன்று, செல்வி படத்துக்கு முன்னால் படைத்த சுய்யத்தை இலையில் ஏந்திக்கொண்டு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னிக்குப் படைச்சதுதாங்க அண்ணா. அவளுக்குன்னு வெச்சது. பாப்பா ஒரு வாய் தின்னா எம் பொண்ணு தின்ன மாதிரி இருக்கும்."

நான் கையை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதம்மா, எங்க வேதத்துல இதுக்கு இடமில்ல" என்றார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் கொடுமை. உள்ளேயிருந்து வந்த அம்மா இலையை வாங்கி, நின்ற இடத்திலேயே ஒன்றைத் தின்று, இன்னொன்றைப் பிட்டு என் வாயில் ஊட்டிவிட்டு, அழுத அத்தையைக் கட்டிக்கொண்டார்.

வந்தது வினை. அடுத்த ஞாயிறு அப்பாவே போய்ப் போதகரிடம் சொல்லிவிட்டார். சொந்த மனைவி என்று மறைத்தால் மூப்பருக்கு அழகா என்பது அவர் நியாயம். "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, அப்புறம் திருவிருந்துக்கு வரலாம்" என்றார் போதகர்.

"பிள்ளையப் பறிகொடுத்தவ கையால வாங்கித் தின்னது தப்புன்னா, அந்தத் தப்போடவே ஆண்டவரப் பாத்துக்கறேன்" என்றார் அம்மா. அதோடு சரி. மற்றவர்கள் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எழுந்து போகும்போதெல்லாம், சாகும்வரை அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் நான் கிடந்து தவித்தேன். அப்பா கெட்டவர் என்று நினைத்துத் தொலைத்திருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை, தெருவில் யார் செத்தாலும் முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர் அவர்தான்.

அத்தை வீட்டை விற்றுவிட்டுச் சிதம்பரம் பக்கம் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது செல்போன் கடை. பண்டிகை வந்தால் கடை இனிப்புப் பெட்டிதான், அதையும் டெலிவரிப் பையன் வைத்துவிட்டுப் போகிறான். அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. போன மாதம் வேதம் வாசித்துக்கொண்டிருந்த அப்பாவிடம், இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்ததைக் கேட்டே விட்டேன்: "அம்மா பரலோகத்துல இருப்பாங்களாப்பா?"

அவர் எந்த வசனத்தையும் தேடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"இருக்கணும்மா. அவ இல்லன்னா, அங்க போயி நான் என்ன பண்ணப் போறேன்?"