பயத்துக்கு நட்டஈடு

போன கிழமை என் வங்கிக் கணக்குக்குக் கொஞ்சம் காசு வந்தது. சம்பளம் இல்லை. சீட்டுக்காசும் இல்லை. இந்தப் பத்திக்கான சன்மானமா என்று கேட்காதீர்கள்... ஆசிரியருக்கும் எனக்கும் இடையில் வீண் மனஸ்தாபம் வரும்.

பயந்ததற்காகக் கிடைத்த காசு!

சிரிக்க வேண்டாம். ஜெர்மனியில் பயத்துக்கும் நட்டஈடு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. எதற்குப் பயந்தாய் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அங்கேதான் எனக்குப் பிரச்சினையே தொடங்கியது.

எங்கள் குடும்ப டொக்டரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று என் கணவருக்கு, மற்றது எனக்கு. இணையத்தின் வழியாக யாரோ கள்வர்கள் டொக்டரின் கணினிகளுக்குள் புகுந்துவிட்டார்களாம். நோயாளிகளின் பெயர், பிறந்த தேதி, என்ன வருத்தம், என்ன மருந்து — எல்லாம் வெளியே போயிருக்கலாமாம். மிகவும் வருந்துகிறோம் என்று முடித்திருந்தார்கள்.

என் கணவர் தன் கடிதத்தை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ரை கொலஸ்ட்ரோலைக் களவெடுத்து என்ன செய்யப் போறாங்கள்? வேணுமெண்டால் சுகரையும் சேத்துக் கொண்டுபோகட்டும்."

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ஓ..." என்றார். பிறகு எழும்பித் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இனி உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், என் மகள் ஷாலினி பள்ளிக்கூடம் முடிக்கிற வருடம், எனக்கு மனச்சோர்வு வந்தது. காரணம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வீட்டில் சண்டையில்லை, ஊரில் சாவில்லை. வேலைக்குப் போவேன். வருவேன். சமைப்பேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். யாராவது கதைத்தால் பதில் சொல்ல வாயைத் திறப்பதே பெரிய பாரமாக இருக்கும்.

முழங்கால் நோ என்று சொல்லித்தான் டொக்டரிடம் போனேன். அவர் முழங்காலை அமத்திப் பார்த்தார். பிறகு, "நித்திரை வருகிறதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அழத் தொடங்கிவிட்டேன். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், மனிதர் அவசரப்படவேயில்லை. கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். குளிசை தந்தார். கதைத்துக் குணப்படுத்தும் ஒரு பெண்மணியிடமும் அனுப்பினார். மெல்ல மெல்ல எழும்பினேன்.

அந்த நாட்களிலும் இந்தப் பத்தி நிற்கவில்லை. 'உங்கள் நகைச்சுவை இப்போது இன்னும் தூக்கல்' என்று அந்தச் சமயத்தில்தான் பலர் பாராட்டி எழுதினீர்கள். மிக்க நன்றி!

ஏன் வெளியே சொல்லவில்லை என்கிறீர்களா? சுகர், பிரஷர் என்றால் கலியாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போதே குளிசைப் பெட்டியை எடுத்து மேசையில் வைக்கலாம். பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதையும் எடுத்து வைப்பார். இதற்கும் பைத்தியத்துக்கும் சேர்த்து எங்கள் ஆட்களிடம் இருப்பது ஒரேயொரு சொல். விசர். அந்தச் சொல் என்மேல் ஒட்டினால் பரவாயில்லை. கலியாணம் பேசுகிற வயதில் மகள் இருக்கிறாளே... அவள்மேலும் ஒட்டுமே?

அந்த மகளே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது தகப்பனின் கடிதத்தைக் கண்டாள். அவள் டுசல்டோர்ஃபில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கண் பரிசோதித்து, மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கிற வேலை.

"அம்மா, உங்களுக்கும் வந்திருக்கும்தானே? இதுக்கு நட்டஈடு கேக்கலாம். எங்கடை கடைக்கு வாற ஒரு அட்வகாட் இந்தக் கேஸ்தான் செய்யிறா. நான் தெர்மீன் எடுக்கிறன், ஒருநாள் போய்ச் சந்திப்பம்."

"வேண்டாம் பிள்ளை. அந்த டொக்டர் நல்ல மனிசன். அவரின்ரை தலையிலை கை வைக்கிறதோ?"

"அவர் ஏன் குடுக்கிறார்? அவரின்ரை ஃபெர்சிஷெருங் குடுக்கும்."

காப்புறுதிதான் கொடுக்கும் என்றதும் என்னிடமிருந்த ஒரே சாட்டும் போய்விட்டது. மேலும் மறுத்தால், ஏன் என்று கேட்பாள். "அங்கை என்ன கேப்பினம்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்டும் கேக்காயினம். கையெழுத்து வைச்சிட்டு வரலாம். அப்பாவின்ரையையும் நீங்களே குடுங்கோ."

சரி, கையெழுத்துத்தானே. அதோடு டுசல்டோர்ஃப். நாங்கள் இருக்கிற வுப்பர்டால் என்றால் படியேறும்போதே நாலு தமிழர் கண்டு, "என்ன இந்தப் பக்கம்?" என்பார்கள். டுசல்டோர்ஃபில் என்னை யாருக்குத் தெரியும்?

ஷாலினியோடு போய்ச் சட்டத்தரணியின் வரவேற்பறைக் கதவைத் திறக்கிறேன்... பிலோமினா அக்கா இருக்கிறார்!

பிலோமினா அக்காவை உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். எங்கள் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது அவர் காதில் விழுகிற செய்தி, கோப்பி ஆறுவதற்குள் வுப்பர்டாலைத் தாண்டிவிடும்.

"நீர் எங்கை இஞ்சாலை?" அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டு வாடகைப் பிரச்சினை அக்கா. நீங்கள்?"

"எனக்கும் வாடகைப் பிரச்சினைதான்."

அக்கா இருப்பது சொந்த வீட்டில்.

இருவரும் சுவரில் தொங்கிய படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அலுவலகப் பெண் ஒருத்தி கதவால் எட்டிப் பார்த்து, டொக்டரிடம் நடந்த தரவுத் திருட்டு விஷயமாக வந்தவர்கள் யார் என்று ஜெர்மனில் கேட்டாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்காவும் நிலத்தைப் பார்த்தார். ஷாலினி என் கையைப் பிடித்து உயர்த்தினாள். சற்றுப் பொறுத்து அக்காவின் கையும் மெல்ல உயர்ந்தது.

முதலில் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். சட்டத்தரணி இளம் பெண். அன்பாகத்தான் பேசினார். காப்புறுதி நிறுவனம் வழக்கில்லாமல் சமாதானமாக முடிக்கச் சம்மதித்திருக்கிறது; ஆனால் ஒவ்வொருவரும் இந்தத் திருட்டினால் தங்களுக்கு என்ன நடந்தது என்று சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். 'கவலைப்பட்டேன்' என்று சும்மா சொன்னால் போதாது. என்ன கவலை? எதற்குப் பயம்?

முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறேன். ஜெர்மனில் சண்டை பிடித்து வீட்டுச் சொந்தக்காரரிடம் புது ஜன்னல் வாங்கியவள் நான். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. ஷாலினியின் பக்கம் திரும்பினேன்.

"பிள்ளை, நீ சொல்லு. அம்மாக்கு முந்தி ஒரு வருத்தம் இருந்தது. மனசிலை. அதுக்குக் கனகாலம் குளிசை குடிச்சனான். அது வெளியிலை தெரிஞ்சால் சனம் என்ன சொல்லும் எண்டு பயந்தனான். உன்னை என்ன சொல்லும் எண்டு பயந்தனான்."

முதல் வசனத்தை அவள் மொழிபெயர்த்தாள். இரண்டாவதில் நின்றுவிட்டாள். சட்டத்தரணி பேனையுடன் காத்திருந்தார்.

"எப்ப அம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

"நீ பள்ளிக்கூடம் முடிச்ச வருசம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு வழியில்லை, மிச்சத்தை நானே ஜெர்மனில் சொன்னேன். ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழாக வந்திருக்கும். சட்டத்தரணி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "இது போதும். நன்றாகச் சொன்னீர்கள்" என்றார். எனக்கு அந்த நேரம் நட்டஈடு ஒரு பொருட்டாகவே இல்லை. பக்கத்தில் இருந்தவள் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வெளியே வந்து தெருவோரத்தில் நின்றோம்.

"அந்த வருசம்தான் நான் யூனிவேர்சிட்டிக்குப் போகேல்லை, கண்ணாடிக் கடையிலை அவுஸ்பில்டுங் செய்து தொழில் பழகப்போறன் எண்டு சொன்னனான்" என்றாள். "அதுக்குப் பிறகு நீங்கள் என்னோடை கதைக்கேல்லை. அறைக்குள்ளை போய்ப் படுத்திட்டியள்."

"ஐயோ, அது அதுக்கில்லையடி..."

"எனக்கு எப்பிடித் தெரியும்? என்னாலைதான் அம்மா படுத்திருக்கிறா எண்டு நினைச்சன். அதுதானே பார்மசி படிக்கப் போனனான். உங்களை எழுப்பத்தான் போனனான்."

அவள் பார்மசி படிக்கப் போனதும், ஒரு செமஸ்டரோடு விட்டுவிட்டு வந்ததும் எனக்குத் தெரியாததா? பிள்ளை ஒரு முடிவில் நிற்கமாட்டாள், விளையாட்டுப் புத்தி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை, தாயை எழுப்ப வேண்டும் என்று விருப்பமில்லாத வகுப்பில் போய் இருந்திருக்கிறாள். என்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று நான் அத்தனை பாடுபட்டு மறைத்தேன். மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒருநாளாவது யோசித்தேனா?

அவள் கையைப் பிடித்தேன். இருவரும் அழுதோம். நடுத்தெருவில், பட்டப்பகலில். போகிற ஜெர்மன்காரர்கள் மரியாதையாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஷாலினிதான் முதலில் மூக்கைத் துடைத்தாள்.

"அம்மா, அந்த ஒரு செமஸ்டருக்கு நான் ஆரிட்டை நட்டஈடு கேக்கிறது?"

"என்னட்டைக் கேள். ஆனால் எனக்கு ஃபெர்சிஷெருங் இல்லை."

அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தவே முடியவில்லை. அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது பிலோமினா அக்கா வெளியே வந்தார். எங்களை மாறி மாறிப் பார்த்தார். வாடகைப் பிரச்சினையில் இப்படிச் சிரிப்பவர்களை அவர் கண்டிருக்கமாட்டார்.

ஷாலினி வேலைக்குப் போய்விட்டாள். நானும் அக்காவும் ஒரே ரயிலில் வுப்பர்டால் திரும்பினோம். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் அத்தனை நேரம் சும்மா இருந்ததை நான் பாடகர் குழுவில்கூடக் கண்டதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்தமுறை அவ்வளவு கஷ்டமில்லை. சொல்லிவிட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கோ நீர் டுசல்டோர்ஃப் வரைக்கும் வந்தனீர்? பாரிசிலை என்ரை தங்கச்சியும் அந்தக் குளிசைதான் குடிக்கிறவள். நான் என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்."

இவ்வளவுதானா! இந்த ஒரு வசனத்துக்கா இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்?

"அப்ப உங்களுக்கு என்ன அக்கா?"

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். குரலை இறக்கினார். "பிறந்த தேதி."

"விளங்கேல்லை."

"கலியாணம் பேசேக்கை எங்கடை வீட்டிலை வயசைக் குறைச்சுச் சொல்லிப்போட்டினம். இவருக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது. மண்டபம் எடுத்து அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடினனாங்கள்தானே... நீரும் வந்து சாப்பிட்டனீர்தானே..."

"ஓம்?"

"அண்டைக்கு எனக்கு அறுபதில்லை."

ரயில் என்றும் பாராமல் சிரித்தேன். அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். அவரவர் ரகசியம் அவரவர் கையில் இருக்கும்போது மலை. பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்தால், இதுவா, என்கிறார்.

அதற்குப் பிறகு ஒருநாள் பிரஷர் பார்க்க டொக்டரிடம் போக வேண்டியிருந்தது. நட்டஈடு கேட்ட கையோடு எந்த முகத்துடன் போய் முன்னால் இருப்பது? போனேன். அவர் எழும்பி வந்து கை தந்து, "மன்னிக்க வேண்டும். உங்கள் நம்பிக்கையை நாங்கள் சரியாகக் காப்பாற்றவில்லை. நீங்கள் கேட்டது நியாயம்" என்றார். பிறகு இரத்த அழுத்தம் பார்த்தார். நித்திரை எப்படி என்று கேட்டார்.

நன்றாக வருகிறது என்றேன். உண்மையாகவே வருகிறது.

வந்த காசு எவ்வளவு என்று சொல்லமாட்டேன். பெரிய தொகை இல்லை. அதைக் கொண்டுபோய் ஷாலினியின் கடையில் புதுக் கண்ணாடிக்குச் சொன்னேன். மகளே கண்ணைப் பரிசோதித்தாள். மகளே அளவெடுத்தாள். என் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரல் வைத்து, "நோகுதோ அம்மா?" என்று கேட்டாள். முன்பென்றால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். "ஓம், இடப் பக்கம் கொஞ்சம் நோகுது" என்றேன். கழற்றிக் கொண்டுபோய்ச் சரிசெய்து வந்தாள். வேலையில் நிற்கும்போது என்ன லட்சணமாக இருக்கிறாள்! அந்தக் கடைக்குப் போகவேண்டும் என்று அவள் அப்போதே சொன்னது எவ்வளவு சரி!

பிலோமினா அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மாத்திப் போட்டு எழுதும். ஆனால் வயசு மட்டும் வரப்படாது" என்றார். இரண்டுக்கும் கட்டுப்பட்டிருக்கிறேன்.

என் கதையை மறைக்க எனக்கு இப்போது ஒரு காரணமும் இல்லை. களவெடுத்தவன் அதை விற்கலாம் என்று எங்கேயோ காத்துக்கொண்டிருப்பான். நான் சும்மாவே பத்திரிகையில் போட்டுவிட்டேன். பாவம், அவன் யாரிடம் நட்டஈடு கேட்பான்?