அடி அதிகம் படாது

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை எனக்கு. காலண்டர் சீசன் முடிந்து கை ஓய்ந்திருந்த ஒரு தை மாதம், விருதுநகரிலிருந்து மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவர் நீட்டிய தாளில் இப்படி எழுதியிருந்தது: ‘சண்டை பழகத் துணைக்கு ஆள் தேவை. வயது தடையில்லை. அடி அதிகம் படாது.’

"அதிகம் படாதுன்னா, கொஞ்சம் படுமா பாய்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் படும்ணே," என்றார் ஒளிக்காமல்.

மலேசியாவில் வேலை பார்த்தபோது மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ் பழகினாராம். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை. "குத்துறதுக்கு மூட்டை போதும்ணே. கட்டிப் புரள மனுசன் வேணும்ல?"

நோட்டீஸைப் பார்த்து யாரும் வரவில்லை. நான் போனேன். எனக்கு யார்மீதும் கோபமில்லை. எண்பது கிலோ இருக்கும் என்னை இந்த ஒல்லி மனிதர் என்ன செய்துவிடுவார் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

கடை மாடியில் பஞ்சு மெத்தைகளைப் பரப்பித் தார்ப்பாயால் மூடியிருந்தார். கீழே வத்தல் மூட்டைகள். பிடி போட்டபடியே இருவரும் தும்முவோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என்னை மல்லாக்கப் படுக்கச் சொல்லி நெஞ்சின்மேல் உட்கார்ந்தார். "இப்ப எந்திரிங்க." இரண்டு கையாலும் தள்ளினேன். மனிதர் அசையவில்லை.

"கையை விடுங்கண்ணே. உங்க இடுப்பு எங்கன இருக்குன்னு பாருங்க."

முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக என் இடுப்பைத் தேடினேன்.

மறுவாரம் பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கை போட்டார். தாங்க முடியாவிட்டால் அவர் கையில் தட்ட வேண்டும், உடனே விட்டுவிடுவார். நான் தட்டவில்லை. கண் திறந்தபோது மின்விசிறி தெரிந்தது. அவர் என் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏன்ணே தட்டல?"

"என்ன ஆகும்னு பாத்தேன்."

"உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அன்று பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்து என்னை ஏற்றிவிட்டுத்தான் போனார். அதன் பிறகு நான் தட்டத் தயங்கியதே இல்லை.

திரும்பும் பஸ்ஸில், ஆமத்தூர் தாண்டும்வரை, அவர் பிடியில் எந்த இடத்தில் மாட்டினேன் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். முழங்கையில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்து ஒருநாள் மனைவி கேட்டாள். "அவுகளுக்கும் உங்களுக்கும் என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல."

"பெறகு எதுக்கு அடிச்சுக்கிறீக?"

சரியான கேள்விதான். முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

நாலாவது மாதம் ஒரு காலை, என்மேல் உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பிடிக்கக் குனிந்தார். நான் புரண்டேன். அடுத்த நொடி அவர் கீழே கிடந்தார், அவர் தோள்மேல் என் மொத்த எடையும் இருந்தது. இரண்டு தரம் தட்டினார். பதறி விலகினேன். அவரோ துள்ளி எழுந்தார்.

"எப்படிச் செஞ்சீக?"

"தெரியலையே பாய்."

"வலது காலை எங்கன வச்சீக? திரும்பப் படுங்க!"

கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "செத்த இருங்க!" என்று கத்திவிட்டு மறுபடி என்மேல் உட்கார்ந்தார்.

"வேர்வையில வழுக்கிருச்சோ?" என்றேன்.

"இல்லண்ணே, என்னமோ செஞ்சீக. அதைக் கண்டுபிடிக்கணும்."

பகல் தொழுகைக்கு அவர் கிளம்பும்வரை புரண்டு புரண்டு பார்த்தோம். இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.