குங்குமம் வைத்த பதினேழு துண்டுகள்

மாரியம்மனின் பிள்ளைகளே, என் வாழ்க்கை முழுவதும் ஒரு திகதியில் தொங்கிக்கொண்டு நின்ற காலத்தைச் சொல்லப் போகிறேன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஆடி மாதம். அந்தத் திகதி கடந்தால் கனடாவில் எனக்கிருந்த நிரந்தர வதிவிட உரிமை போய்விடும். நானோ வன்னியில், ஜெயபுரத்தில், எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றேன். பாதை மூடியிருந்தது. கையில் சைக்கிள் மட்டும்தான் இருந்தது. சைக்கிளில் கனடாவுக்குப் போக முடியாது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்தவன் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். அப்பா முரசுமோட்டையில் ஒரு கமக்காரரின் வயலில் வேலை செய்தார். அந்த நல்ல மனிதர் தொண்ணூறில் தன் மகனைக் கனடாவுக்கு அனுப்பும்போது, என் படிப்பைப் பார்த்து என்னையும் கூட அனுப்பிவைத்தார். இரண்டு வருடத்தில் எனக்கு அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அப்பா அதைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு எனக்கு ஒரே ஆசை, அம்மாவையும் தங்கச்சியையும் என்னிடம் கூப்பிட வேண்டும். அதற்கு விண்ணப்பமும் போட்டிருந்தேன்.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை ஓய்ந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓடி வந்தேன். ஒரு மாதத்தில் திரும்புவதாகத்தான் எண்ணம்.

வந்த இரண்டாம் கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. அதிபர் என் கையில் வெண்கட்டியைத் தந்து, "தம்பி, ஒரு பாடம் மட்டும் எடுத்துப் பாரும்" என்றார். அந்த ஒரு பாடம் மூன்று மாதமாக நீண்டது. தொண்டர் ஆசிரியராகப் படிப்பித்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு அதற்கு முன்பு இருந்ததில்லை.

அங்கேதான் பிழை விட்டேன். கனடா நாட்டுச் சட்டப்படி, வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால், நாட்டைக் கைவிட்டுவிட்டோம் என்று எடுத்துக்கொள்வார்கள். வேறு நாட்டில் தங்கி வேலை செய்யப் போகிறவர், திரும்பி வருவதற்கான அனுமதிப் பத்திரத்தை முதலே எடுத்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு இது தெரியும். ஒரு மாதம்தானே என்று எடுக்காமல் வந்தேன். பிறகு, ஆறு மாதம் இருக்கிறதே என்று நின்றேன். சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. வவுனியா வழியாகக் கொழும்புக்குப் போகும் பாதை பூட்டுப்பட்டது.

வவுனியாவுக்குப் போக விரும்புகிறவர்கள் கிளிநொச்சியில் உள்ள அரசாங்கக் கந்தோரில் பெயர் பதிய வேண்டும். திங்கட்கிழமைகளில் மட்டும். விடிய எழும்பி, அம்மன் கோயில் வாசலில் ஒரு சூடம் கொளுத்திவிட்டுச் சைக்கிளை மிதிப்பேன். வேர்த்து விறுவிறுத்துப் போய் வரிசையில் நின்றால், கிளாக்கர் என் விண்ணப்பத் துண்டின் மேலே எழுதி, திகதி போட்டு, சீல் குத்தித் திருப்பித் தருவார். எழுதுவது ஒரே வசனம்தான்: "பாதை மூடப்பட்டுள்ளது. பின்னர் வருக."

நாலைந்து கிழமையில் அவருக்கு நான் நல்ல பழக்கமாகிவிட்டேன்.

"என்ன கனடா, வந்திட்டீரோ? உம்மட முகத்தைப் பாத்துத்தான் நான் இண்டைக்குத் திங்கள் எண்டு அறியிறனான்."

"ஐயா, இந்தக் கிழமையாவது..."

"நானென்ன பாதையைப் பொக்கற்றுக்குள்ளயே வச்சிருக்கிறன்? போட்டு அடுத்த திங்கள் வாரும்."

பின்னால் நின்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். திரும்பும் வழியில் சிரிப்பு வராது. வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டைக் கசக்கி முற்றத்தில் எறிவேன்.

அம்மா அதைப் பொறுக்குவார். கையால் நீவி மடிப்பெடுத்து, மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு குங்குமப் பொட்டும் வைப்பார். பிறகு ஒரு மஞ்சள் துணிக்குள் சேர்ப்பார். எனக்குக் கோபம் வரும்.

"அம்மா, அது ஏலாதெண்டு எழுதின துண்டு. அதுக்கு ஏன் பொட்டு?"

"சீல் குத்தியிருக்குல்ல?"

"சீல் இருக்கு. ஆனா போக விட மாட்டம் எண்டுதான் சீல் குத்தியிருக்கு."

"சீல் குத்துன காயிதத்தப் போயி யாராச்சும் வீசுவாங்களா? ஒங்க தாத்தா கையில ஒரு துண்டு இருந்திருந்தா, எங்கள நாடில்லாதவங்கன்னு சொல்லியிருப்பாங்களா? போடா, படிச்சவனே!"

தங்கச்சி குசினிக்குள் இருந்து குரல் கொடுப்பாள்: "அண்ணா, நீ எறிஞ்சு கொண்டே இரு. அம்மா உன்ர குப்பைக்கு ஒரு கோயிலே கட்டிப் போடுவா."

தாத்தாவின் கதை எனக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே இறந்தவர். இங்கேதான் பிறந்தேன் என்று காட்ட ஒரு கடதாசியும் இல்லாததால் குடியுரிமை கிடைக்காமல் போனவர். எங்கள் சனத்துக்குக் கடதாசி என்றால் நெஞ்சிடி. அதனால்தான் வாசிக்கத் தெரியாத அம்மாவுக்குச் சீல் வைத்த எல்லாமே ஒன்று. கிடைத்தது, மறுத்தது என்ற வித்தியாசம் இல்லை. இது அறியாமை என்று அன்றைக்கு நினைத்தேன். அம்மனே என்னை மன்னிக்க வேண்டும்.

ஆடி பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, என் ஆறு மாதம் முடிந்தது. கோயிலில் கூழ் வார்த்தார்கள். ஊரே போனது. நான் போகவில்லை. பாயில் கிடந்தேன். என் உரிமை போச்சு. அம்மாவைக் கூப்பிடும் விண்ணப்பமும் போச்சு. கமக்காரர் எனக்குச் செய்த உதவி வீண். அப்பாவின் உழைப்பு வீண். "தாயே, ஒரு திங்களாவது என் குரல் உன் காதில் விழவில்லையா?" என்று கேட்டு அழுதேன். முந்தின நாள், திங்கட்கிழமை, கிடைத்த துண்டு பொக்கற்றில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் அடுப்புக்குள் போட்டேன்.

கோயிலால் வந்த அம்மா வெறுங்கையை அடுப்புக்குள் விட்டு அதை எடுத்தார். ஓரம் கருகிவிட்டது. அம்மாவின் விரலும் சுட்டுவிட்டது. என்னைத் திட்டவில்லை. ஊதி அணைத்தார். பொட்டு வைத்தார். துணிக்குள் வைத்தார். பிறகு எனக்கு ஒரு சிரட்டை கூழ் தந்தார்.

"குடி. அடுத்த திங்கக்கெழம போகணும்ல?"

திகதி முடிந்த பிறகு போய் என்ன பயன்? ஆனாலும் அந்தச் சுட்ட விரலைப் பார்த்த பிறகு போகாமல் இருக்க மனம் வரவில்லை. போனேன். அதற்கடுத்த திங்களும் போனேன். அதற்கடுத்ததும் போனேன்.

ஆவணியில் ஒரு திங்கள். கிளாக்கர் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார்.

"ஓடும், கனடா! பாதை திறந்திருக்கு. இனி உம்மட முகத்தை இஞ்ச காட்டப்படாது, சொல்லிப் போட்டன்."

மறுநாள் வெளிக்கிட்டேன். அம்மா அந்த மஞ்சள் துணி முடிச்சை என் பைக்குள் வைத்தார். வெளியே எடுத்து வைத்தேன். திரும்பவும் வைத்தார். வாதாட நேரமில்லை. வவுனியாவில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அந்த முடிச்சை அவிழ்த்தார். அவர் குங்குமத்தைப் பார்த்தார், அரசாங்க முத்திரையைப் பார்த்தார், தன் கையாலேயே திரும்ப முடிந்து தந்தார்.

கொழும்பில் கனடாத் தூதரகத்துக்குப் போய், திரும்பிப் போகும் அனுமதி கேட்டேன். அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டினார். ஆறு மாதம் தாண்டிவிட்டதே, உரிமையை நீங்களாகவே கைவிட்டதாகத்தான் இதைக் கருத வேண்டும் என்றார். சண்டை நடந்தது, பாதை பூட்டு என்று சொன்னேன். அது தெரியும், ஆனால் நீங்கள் திரும்ப முயன்றீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். உரிய காலத்துக்குள் முயன்றீர்கள் என்று எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

அம்மா! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பைக்குள் துழாவி முடிச்சை எடுத்து மேசையில் அவிழ்த்தேன். வெள்ளைக் கடதாசிகள் மேல் குங்குமம் கொட்டியது.

துண்டுகள் தமிழில் இருந்தன. வாசித்துச் சொல்ல அங்கே வேலை செய்த ஒரு தமிழ் அக்காவைக் கூப்பிட்டார். அவா முதலாவதை வாசித்தா. இரண்டாவதை வாசித்தா. மூன்றாவதை எடுத்து, "இதிலயும் அதேதான் எழுதியிருக்கு" என்று அவருக்குச் சொன்னா. அவர் விடவில்லை. ஒவ்வொன்றின் திகதியும் வேண்டும் என்றார். அவா திகதி சொல்லச் சொல்ல, அவர் வரிசையாக அடுக்கினார். ஆடிச் செவ்வாய்க்கு முந்தியவை ஒரு பக்கம், பிந்தியவை மறுபக்கம். எல்லாமாகப் பதினேழு. ஒரு திங்கள்கூடத் தப்பவில்லை.

கருகிய துண்டைத் தூக்கிப் பிடித்தார். அந்த அக்கா என் பக்கம் திரும்பினா.

"தம்பி, உது ஏன் எரிஞ்சதெண்டு கேக்கிறார். உந்தச் சிவப்பு என்னவெண்டும் கேக்கிறார்."

"எரிச்சது நான், அக்கா. சிவப்பு என்ர அம்மா வச்ச பொட்டு. அவாக்கு வாசிக்கத் தெரியாது. அதால நான் எறிய எறியப் பொறுக்கி வச்சவா."

அவா அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்தா. அதிகாரி எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார்: "இங்கே வருகிறவர்கள் அனுமதி கிடைத்த கடிதங்களைத்தான் கொண்டு வருவார்கள். மறுத்த கடிதங்களைச் சேர்த்துக்கொண்டு வந்த முதல் ஆள் நீங்கள். இவ்வளவு தரம் கேட்டவர் கைவிட்டவராக இருக்க முடியாது."

நவராத்திரி தொடங்க முன்பே அனுமதி என் கையில் கிடைத்தது. கொழும்பு வீதியில், வெயிலுக்குள் நின்று, பைத்தியக்காரன் போலச் சிரித்தேன்.

அடியார்களே, பதினேழு திங்கள் நான் அம்மனிடம் கேட்டேன். பதினேழு தரமும் அவள் மறுக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு சாட்சியாக எழுதி, திகதி போட்டு, சீல் குத்தி என் கையில் தந்துகொண்டிருந்திருக்கிறாள். படித்தவன் அதை அடுப்பில் போட்டேன். படிக்காத தாய் தன் விரலைச் சுட்டுக்கொண்டு காப்பாற்றினார்.

அன்றிலிருந்து நான் மாறிவிட்டேன். சனிக்கிழமைகளில் கனடாவில் இங்குள்ள கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். இரண்டு வருடம் கழித்துத் திரும்பவும் ஜெயபுரத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனபோது, முதலே அனுமதி எடுத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் போனேன். வெளியே வேலைக்குப் போகிறவர்களே, நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு மாதம்தானே என்று நினைக்காதீர்கள்.

கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் உடைந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வந்த மறுப்பையும் எறிந்துவிடாதீர்கள். எடுத்து நீவி, தாயின் காலடியில் வையுங்கள். அடுத்த திங்களும் போய்க் கேளுங்கள்.

போன குளிர்காலத்தில் அம்மாவும் தங்கச்சியும் கனடாவில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அம்மாவுக்கு நிரந்தர வதிவிடக் கடதாசியைக் கொடுத்தார்கள். அதைத் தலைகீழாகப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இதுல சீல் இருக்கா, தம்பி?"

"இருக்கு, அம்மா. இது ஓம், வரலாம் எண்டு குத்தின சீல்."

"எதுவா இருந்தா என்னா" என்று சொல்லி, இடுப்பில் சொருகியிருந்த சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார். அத்தனை சனத்துக்கு நடுவில், குளிரில் நடுங்கிக்கொண்டு, அந்தக் கடதாசியின் உச்சியில் ஒரு பொட்டு வைத்தார். விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது.