ஆட்டுக்கு வைக்காத நெற்று

மதுரையில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது என் பிழைப்பு மொத்தமும் ஒரு பாக்டீரியாவின் வயிற்றில் இருந்தது. சீனியைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்கும்படி அதன் மரபணுவை மாற்றியிருந்தோம். அந்த அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போனால் மக்கிப்போகும் பிளாஸ்டிக் கிடைக்கும். கடைச் சீனி கட்டுப்படியாகாது, ஒன்றுக்கும் உதவாத எதிலிருந்தாவது சீனி எடுத்துக் காட்டு என்றார் பேராசிரியர். காட்டாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நரிக்குடிப் பக்கத்துக்காரனான எனக்கு இதற்கு யோசனையா வேண்டும்? எங்கள் கண்மாய் முழுக்கச் சீமைக் கருவேல். கோடையில் அதன் நெற்று பழுத்து உதிரும், கடித்தால் இனிக்கும். ஒன்றுக்கும் உதவாதது என்று எழுதிக் கொடுத்தேன். சித்திரையில் புல் கருகிய பிறகு எங்கள் ஆடுகள் அதைத் தின்றுதான் உயிரோடு இருக்கும் என்பதை எழுதவில்லை.

அம்மாவிடம் ஒரு சாக்கு நெற்று கேட்டேன். பிள்ளை படிப்புக்கு என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் அளந்து கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, மரத்தடி மரத்தடியாகக் கூட்டி அள்ளி, ஆறு சாக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். நான் இன்னும் கேட்டேன். அப்போதுதான் போன் செய்தாள்.

"ய்யா, இந்தத் தடவ ஒரு சாக்க மட்டும் வீட்டுல வச்சுக்கிறவா? செவல ஆடு சினையா இருக்கு. மேய ஒண்ணுமில்ல."

தாய் செத்த குட்டியாக இருந்ததிலிருந்து புட்டிப்பால் கொடுத்து அவள் வளர்த்த ஆடு அது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன்.

"ஒரு ஆட்டுக்காக என் படிப்பக் கெடுக்கப் பாக்குறியா?"

மறுநாள் பஸ்ஸில் எல்லாச் சாக்கும் வந்து சேர்ந்தது, வாய் தைத்து.

பாக்டீரியாவை நான் தாங்கு தாங்கென்று தாங்கினேன். பெற்றவளுக்கு வாரத்துக்கு ஒரு போன், பாக்டீரியாவை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். சூடு சரியா, காற்று சரியா, நெற்றுச்சாறு போதுமா என்று. கடைசியில் அமிலம் சேர்ந்தது. நகம் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டும் கிடைத்தது. பேராசிரியர் கை கொடுத்தார். வேலை முடிந்த பாக்டீரியாவை வெளியே விடக்கூடாது என்பது விதி. பெரிய குக்கரில் போட்டு அவித்துக் கொன்றேன்.

அந்தப் பிளாஸ்டிக் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். செவலை ஆடு வாசலில் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. பசி தாங்காமல் பஸ் நிறுத்தத்துக் குப்பைமேட்டில் மேய்ந்திருக்கிறது. கறிக்கடைக்காரர் வந்து வயிற்றை அறுத்தார். உள்ளே இரண்டு குட்டிகள், தேங்காய் அளவுக்கு ஒரு கேரி பை உருண்டை.

அம்மா அந்த உருண்டையைக் கழுவி எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"ஒம் பூச்சிக இதத் திங்குமா ய்யா?"

"திங்காதும்மா. அதுகளுக்குச் சீனிதான் வேணும்."

"வயிறு நெறஞ்சுச்சா அதுகளுக்கு?"

"நெறஞ்சுச்சு."

"அப்ப அதுக குடுத்து வச்சதுக" என்றாள்.

அவற்றை அவித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டைப் பையில் இருந்த துண்டையும் காட்டவில்லை.