அப்பாவைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள்

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், ஒரு மே மாத வெயிலில், விழுப்புரம் மைதானத்தில் நடந்தது இது. சென்னையிலிருந்து ஒரு கால்பந்து அகாடமிக்காரர்கள் பையன்களைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தார்கள். நானும் வீட்டுக்காரரும் எங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் போயிருந்தோம். அவனுக்குப் பதின்மூன்று வயது. கோல்கீப்பர்.

அவன் விழுந்து புரண்டு பந்து பிடிக்கிற அழகுக்கு மாதம் ஒரு டிரவுசர் கிழியும். நான் தையல்காரி என்பதால் பிழைத்தோம். பழைய ஸ்பாஞ்சை வெட்டி இடுப்புப் பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தேன்.

முதலில் சும்மா ஓடவிட்டார்கள். பிறகு பந்தோடு ஓடவிட்டார்கள். அப்புறம் அணி பிரித்து ஆடவிட்டார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். உட்கார்ந்திருந்த எனக்கே தலை சுற்றியது. மதியத்துக்கு மேல் கோல்கீப்பர்களில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவன் எங்கள் பையன், இன்னொருவன் மரக்காணம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. இருந்ததோ ஒரே இடம். கிடைத்தால் ஹாஸ்டல், படிப்பு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நன்றாக ஆடினால் வயதுக்கேற்ப மேல் அணிக்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு பேங்க் டீம், ரயில்வே டீம் என்று வேலைக்கும் வழியுண்டு. பஞ்சர் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

கோச் எங்களைக் கூப்பிட்டார். "ரெண்டு பசங்களும் நல்லா பிடிக்கிறாங்க. ஆனா கோல்கீப்பருக்கு உயரம் வேணும். பையன் எவ்ளோ வளருவான்னு அப்பா அம்மாவ வச்சுத்தான் கணக்குப் போடுவோம். அந்தச் சுவரோரமா நில்லுங்க சார்."

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மோவாயைத் தூக்கிக்கொண்டார். குதிகால் லேசாக எழும்பியதை நான் பார்த்தேன், கோச்சும் பார்த்தார். ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நான் அதற்கும் கீழே. அந்த மரக்காணத்துப் பையனின் அப்பா எங்களுக்குப் பின்னால் பனைமரம் மாதிரி நின்றிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் நான் பெற்ற பிள்ளையில்லை, என் அக்கா பிள்ளை. அவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டு வடக்கே எங்கோ போய்விட்டார். குழந்தையில்லாத நாங்கள் அந்தக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பனமலைப் பக்கத்து ஊரையே விட்டுத் திண்டிவனம் வந்தோம். அவனுக்கு எதுவும் தெரியாது. மாமா ஆறடிக்கு மேல். அக்காவும் நல்ல உயரம்.

அதைச் சொன்னால் போதும், இடம் அவனுக்குத்தான். ஆனால் அவன் பக்கத்திலேயே நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கோச்சிடம், "எங்க பரம்பரையே குட்டைதான் சார்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன் அவரைச் சீண்டினான். "யப்பா, நீ இன்னும் கொஞ்சம் வளர்ந்து தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"உங்க ஆயா எனக்குக் கேப்பைக் கூழ் பத்தாம ஊத்திடுச்சுடா" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர்தான், ஊர் வரும்வரை திரும்பவில்லை.

கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. பையனைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கலாமே. மறுநாள் போன் பண்ணியாவது சொல்லியிருக்கலாம். கோச்சின் நம்பர் வீட்டுக்காரரின் சட்டைப் பையில்தான் இருந்தது. நாங்கள் பண்ணவில்லை. அகாடமியில் நாலு பேருக்குத் தெரிந்தால் அவன் காதுக்கு எப்படியும் வரும், பிறகு நம்மை அம்மா என்று கூப்பிடுவானா என்று பயந்தேன். நிஜமான காரணம் அதுதான்.

பத்தாம் வகுப்பில் விறுவிறுவென்று வளர்ந்தான். அதற்குள் அவர்கள் சேர்த்துக்கொள்கிற வயது தாண்டிவிட்டது. இப்போது கூரியர் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆடப் போவான், அதுவும் முடிந்தால்தான்.

அவனுக்கு இருபது வயதானபோது நாங்களே உட்கார்த்தி வைத்துச் சொன்னோம். அழுவான், கோபப்படுவான், பெற்றவனைப் பற்றிக் கேட்பான் என்று என்னென்னவோ நினைத்திருந்தோம். அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ அன்னிக்கு அந்த சார்கிட்ட சொல்லியிருந்தா என்னை எடுத்திருப்பாங்க இல்ல?"

"எடுத்திருப்பாங்கடா" என்றார் வீட்டுக்காரர்.

அவன் தலையை ஆட்டினான். "சரிம்மா, சோறு போடு. காலைல டூட்டி" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுத்ததேயில்லை. இன்றைக்கும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறான், எந்தக் குறையும் வைத்ததில்லை. ஆனால் தினமும் வேலை முடிந்து வந்து, எங்கள் வீட்டு நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வருவான் பாருங்கள், அந்த ஒரு நொடி மட்டும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.